அமெரிக்கக் கால்பந்தில் அத்துமீறினால் தண்டிப்பது யார்?

ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கியதும் ஒரே மாதிரியான காணொளித் துண்டுகள் சுற்றுக்கு வந்துவிடும். ஒருவர் பந்தைப் பிடிக்க எம்புகிறார். இன்னொருவர் எங்கிருந்தோ பாய்ந்து வந்து தலையில் மோதுகிறார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. உடனே வாதம் தொடங்கும். "இவனுக்கு ஆயுள் தடை போட வேண்டாமா?" என்பார் ஒருவர். "நடுவரே ஒன்றும் சொல்லவில்லை, பிறகு எதற்கு அபராதம்?" என்பார் இன்னொருவர். "ஆட்டமே அடிதடிதானே, இதில் தனியாக என்ன தப்பு?" என்று மூன்றாமவர் கேட்பார்.

இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆனால் மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. களத்தில் நிற்கும் நடுவர், போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். லீக்குக்கு நியூயார்க்கில் இருக்கும் தலைமை அலுவலகம், ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் என்று தண்டனை மூன்று கை மாறி வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பேசும்போதுதான் "ஆளுக்கொரு நீதி" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனால் குறை எங்கே என்று தெரிந்து பேச வேண்டும். அதற்காகவே இந்த விளக்கம். ஆட்டத்தைப் பார்த்தே இராதவரும் தொடர்ந்து படிக்கலாம்.

மோதுவது குற்றமில்லை

பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே தள்ளினால் அந்த முயற்சி முடிந்தது. இப்படிப் பிடித்துத் தள்ளுவதற்கு டேக்கிள் என்று பெயர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக்.

ஆக, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் ஓடிவந்து இன்னொருவரைச் சாய்ப்பது இந்த ஆட்டத்தின் சாதாரண வேலை. அதற்குத் தண்டனை கிடையாது. எலும்பு முறிந்தாலும்கூட, அடி விதிக்கு உட்பட்டதாக இருந்தால் தண்டனை இல்லை. பலருக்கு முதலில் ஜீரணிக்க முடியாத இடம் இதுதான்.

1978 ஆகஸ்ட் 12 அன்று ஓக்லண்டில் ஒரு பயிற்சி ஆட்டம். வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேராத ஆட்டம். நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லி எட்டாத உயரத்தில் வந்த பந்துக்காகத் தாவினார். ஓக்லண்டின் ஜாக் டேட்டம் எதிரே வந்து மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு நொறுங்கி, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. 2007-ல் இறக்கும் வரை சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். தப்பு நடந்தால் நடுவர் கொடி எறிவார். அந்த மோதலுக்கு எறியவில்லை. லீக்கும் டேட்டமைத் தண்டிக்கவில்லை. அன்றைய விதிப்படி அது செல்லுபடியான மோதல்.

இன்று அதே மோதல் நடந்தால் தண்டனை நிச்சயம். இடையில் மாறியது விதி. இன்றைய விதி ஒரு மோதலை எடைபோடும்போது சில விஷயங்களைப் பார்க்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு, அல்லது பந்து கையை விட்டுப் போன பிறகு அடித்தாரா? தலை, கழுத்து, குவாட்டர்பேக்கின் முழங்கால் போன்ற காக்கப்பட்ட இடங்களில் அடி விழுந்ததா? ஹெல்மெட்டையே ஆயுதமாக்கி, தலையைக் குனிந்து முட்டினாரா? அடி வாங்கியவர் தற்காப்பற்ற நிலையில் இருந்தாரா? பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்ப்பவர், எறியும் அசைவில் இருக்கும் குவாட்டர்பேக் ஆகியோர் எதிரே வருவதைக் கண்டு சுதாரிக்க முடியாது. அவர்களைத்தான் விதிநூல் தற்காப்பற்றவர்கள் என்கிறது.

இவை எல்லாம் ஆட்டத்தின் போக்கில் நடக்கும் அத்துமீறல்கள். மிதிப்பது, குத்துவது, துப்புவது போன்றவை வேறு வகை. அவற்றுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மூன்று கை

சிக்னலைத் தாண்டிப் போகும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் பார்த்தால் அங்கேயே ஓரங்கட்டுவார். அவர் கண்ணில் படாமல் போனாலும் கம்பத்தில் இருக்கும் கேமரா பதிவு செய்திருந்தால் சில நாளில் அபராதச் செலான் வந்து சேரும். காவலர் பிடிக்கவில்லை என்பதற்காகச் செலான் செல்லாமல் போகாது. செலான் தவறு என்று நினைத்தால் முறையிட வேறோர் இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் காவலரும் அல்ல, கேமராவை இயக்குபவரும் அல்ல.

32 அணிகள் ஆடும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. நடுவரின் கொடி அந்த ஆட்டத்துக்கு. அலுவலகத்தின் கடிதம் அந்த ஆட்டக்காரரின் பணத்துக்கும் அடுத்த ஆட்டங்களுக்கும். மேல்முறையீடு அலுவலகத்தின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கு. "கொடியே எறியவில்லை, பிறகு ஏன் அபராதம்?" என்ற கேள்விக்கு இதுவே பதில்.

முதல் கை: மஞ்சள் கொடி

களத்தில் 7 நடுவர்கள். தப்பைப் பார்த்தவர் இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை எறிவார். அத்துமீறிய மோதலுக்கு வழக்கமான தண்டனை 15 யார்டு. தடுக்கும் அணி செய்திருந்தால் எதிரணிக்கு 15 யார்டும் கிடைக்கும், புதிதாக நான்கு முயற்சியும் கிடைக்கும். 10 யார்டுக்காக நான்கு முறை முட்டிமோதும் ஆட்டத்தில் 15 யார்டு சும்மா கிடைப்பது பெரிய விஷயம். தோற்க வேண்டிய ஆட்டம் கைமாறிவிடும்.

மிக மோசமானது என்று பட்டால் நடுவர் ஆளையே வெளியே அனுப்பலாம். கண்ணியமற்ற நடத்தை என்று இரண்டு முறை கொடி விழுந்தால் தானாகவே வெளியேற்றம் என்பது 2016-ல் சோதனையாக வந்து, மறு ஆண்டு நிரந்தரமானது. நியூயார்க்கில் திரை முன் இருக்கும் அதிகாரிகளும் இப்போது வெளியேற்றத்தில் களத்து நடுவருக்கு உதவுகிறார்கள்.

கொடியின் குறை, அது கண் இமைக்கும் நேரத்தில் எடுக்கப்படும் முடிவு. 22 பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். தலையில் பட்டதா, தோளில் பட்டதா என்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே நமக்குக் குழப்பம் வருகிறது. அதனால் நல்ல மோதலுக்குக் கொடி விழுவதும், கெட்ட மோதலுக்கு விழாமல் போவதும் நடக்கும். நடுவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வேலை அப்படி.

இரண்டாம் கை: கடிதம்

ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. வாரம் தொடங்கியதும் நியூயார்க் அலுவலகத்தில் எல்லா ஆட்டங்களின் பதிவையும் போட்டுப் பார்ப்பார்கள். கொடி விழுந்ததும் விழாததும் இரண்டுமே ஆய்வுக்கு வரும். அத்துமீறல் என்று முடிவானால் ஆட்டக்காரருக்குக் கடிதம் போகும். எந்த ஆட்டம், எந்தக் கட்டம், எந்த விதி, எவ்வளவு பணம் என்று அதில் இருக்கும்.

இந்த வேலையை லீக்கின் தலைவரான கமிஷனர் நேரடியாகச் செய்வதில்லை. 2006 முதல் கமிஷனராக இருப்பவர் ராஜர் குடெல். களத்து அத்துமீறல்களுக்கு அவர் சார்பில் முடிவெடுக்க ஒரு பொறுப்பாளர் உண்டு. 2016-ல் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜான் ரன்யன் பிலடெல்ஃபியா அணிக்குப் பல ஆண்டுகள் ஆடியவர். நடுவில் நியூ ஜெர்சியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அபராதத் தொகையை அவர் மனம்போல் போடுவதில்லை. எந்த அத்துமீறலுக்கு முதல் முறை எவ்வளவு, இரண்டாம் முறை எவ்வளவு என்று பருவம் தொடங்கும் முன்பே அட்டவணை இருக்கிறது. பட்டியலில் உள்ளது குறைந்தபட்சத் தொகை. செய்தது மோசமாக இருந்தால் மேலே ஏற்றலாம். 2010 அக்டோபரில் பிட்ஸ்பர்க் அணியின் ஜேம்ஸ் ஹாரிசன் கிளீவ்லாந்தின் முகமது மசக்வாயை மோதியதற்கு 75,000 டாலர் அபராதம் வந்தது. களத்தில் அந்த மோதலுக்குக் கொடி விழவேயில்லை.

வசூலாகும் பணம் லீக்கின் லாபக் கணக்கில் சேருவதில்லை. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு உதவும் அறக்கட்டளை போன்றவற்றுக்குப் போகிறது. "அபராதம் போட்டுப் போட்டுச் சம்பாதிக்கிறார்கள்" என்று சொல்வதில் உண்மை இல்லை.

அபராதம் வேலை செய்கிறதா? இங்கேதான் எனக்குப் பெரிய மனக்குறை. ஒரே தொகை எல்லோருக்கும் ஒரே வலியைத் தராது. 2024-ல் புதுமுக ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,95,000 டாலர். வாரச் சம்பளம் என்பது அதில் 18-ல் ஒரு பங்கு. 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு, ஆக 18. கணக்குப் போட்டால் வாரத்துக்குச் சுமார் 44,000 டாலர். இவருக்கு 16,000 டாலர் அபராதம் என்றால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் வாங்குபவருக்கு வாரம் 10 லட்சம் டாலர். அவருக்கு அதே 16,000 என்பது நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். ஒருவர் வீட்டுக் கடன் தவணை தவறும், மற்றவர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அடிமட்டச் சம்பளக்காரருக்கு ஒரு சிறு காப்பு இருக்கிறது. முதல் முறை அபராதம் தன் வாரச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டினாலோ, இரண்டாம் முறை 50 விழுக்காட்டைத் தாண்டினாலோ, அது அளவுக்கு மீறியது என்று மேல்முறையீட்டில் வாதாடலாம். மேல்மட்டச் சம்பளக்காரருக்கு உறைக்கும்படி தொகையை ஏற்றும் ஏற்பாடு மட்டும் இல்லை. சம்பளத்தின் விகிதமாகவே அபராதத்தை வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: கடுமையான மோதல் குற்றமில்லை, விதி மீறிய மோதல்தான் குற்றம். கொடி அந்த ஆட்டத்தைத் தண்டிக்கும். கடிதம் ஆட்டக்காரரின் பையைத் தண்டிக்கும். ஒன்று இல்லாமலும் மற்றது வரலாம்.

பை கனத்தவரையும் தொடும் தண்டனை

அபராதத்துக்கு மேலே இருப்பது இடைநீக்கம். இத்தனை ஆட்டம் ஆடக்கூடாது, அதற்கான சம்பளமும் கிடையாது. இதில் விகிதச் சிக்கல் இல்லை. ஒரு ஆட்டம் போனால் யாருக்கானாலும் அடிப்படைச் சம்பளத்தில் 18-ல் ஒரு பங்கு போகும். அணிக்கும் வலிக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் இரண்டாம் தர ஆட்டக்காரரை இறக்க வேண்டும்.

இதன் வரலாற்றில் ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்க வேண்டும். 1986 நவம்பர் 23, சிகாகோ. கிரீன் பே அணியின் சார்லஸ் மார்ட்டின் இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு ஆட வந்தார். அதில் எண்கள் எழுதியிருந்தன. எல்லாம் சிகாகோ ஆட்டக்காரர்களின் சட்டை எண்கள். 9 என்பது குவாட்டர்பேக் ஜிம் மெக்மஹன், 34 என்பது வால்டர் பேட்டன். ஆட்டத்தின் நடுவே மெக்மஹன் எறிந்த பந்தை எதிரணி பறித்துவிட்டது. எல்லோர் கண்ணும் பந்துபோன பக்கம். மெக்மஹனின் வேலை முடிந்துவிட்டது, சும்மா நிற்கிறார். மார்ட்டின் பின்னாலிருந்து வந்து அவரை அப்படியே தூக்கி, தோள்பட்டை தரையில் இடிக்கும்படி போட்டார். ஏற்கெனவே காயம்பட்டிருந்த வலது தோள். மெக்மஹனுக்கு அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. நடுவர் ஜெர்ரி மார்க்பிரைட் மார்ட்டினை வெளியேற்றினார்.

லீக் கொடுத்த இடைநீக்கம் இரண்டு ஆட்டம். களத்தில் செய்த செயலுக்கு அதுவரை அதைவிடப் பெரிய தண்டனை தரப்பட்டதில்லை.

அதைத் தாண்ட இருபது ஆண்டு ஆனது. 2006 அக்டோபர் 1 அன்று டென்னசி அணியின் ஆல்பர்ட் ஹேன்ஸ்வர்த், கீழே கிடந்த டாலஸ் அணியின் ஆந்திரே குரோட்டின் தலையை மிதித்தார். ஹெல்மெட் கழன்றிருந்த வெறும் தலை, மிதித்தது ஆணி வைத்த காலணி. குரோட்டின் முகத்தில் 30 தையல். இடைநீக்கம் ஐந்து ஆட்டம். ஹேன்ஸ்வர்த் மன்னிப்புக் கேட்டார், மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. குடெல் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த இரண்டும் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத செயல்கள். ஆட்டத்தின் போக்கிலேயே நடக்கும் மோதலுக்கு இடைநீக்கம் செய்ய லீக் வெகுகாலம் தயங்கியது. தலையடி மூளையை நாள்பட அரிக்கிறது என்ற உண்மை வெளியே வந்த பிறகு தயக்கம் குறைந்தது. பிட்ஸ்பர்க் அணியின் பழைய ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பெனட் ஒமாலு கண்டறிந்த பாதிப்பிலிருந்து அந்த விவாதம் தொடங்கியது. 2011 டிசம்பரில், மேலே சொன்ன ஜேம்ஸ் ஹாரிசன் கிளீவ்லாந்து குவாட்டர்பேக் கோல்ட் மெக்காயை ஹெல்மெட்டால் மோதியபோது, பணத்தோடு நிறுத்தாமல் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள்.

உச்சம் 2019. அந்த செப்டம்பரில் ஓக்லண்டின் வான்டேஸ் பர்ஃபிக்ட், இண்டியானாபொலிஸ் அணியின் ஜாக் டாயிலைத் தலையில் மோதினார். பருவத்தின் மிச்சம் 12 ஆட்டமும் போயிற்று. களத்துச் செயலுக்கு அவ்வளவு நீண்ட இடைநீக்கம் அதுவரை இல்லை. அந்த ஒரு மோதலை மட்டும் தனியே பார்த்தால் 12 ஆட்டம் அதிகமாகத் தோன்றும். ஆனால் 2016-லும் 2017-லும் அவர் மும்மூன்று ஆட்டம் இடைநீக்கம் ஆனவர். வாங்கிய அபராதங்கள் தனி. தண்டனையைத் தீர்மானிப்பதில் பழைய பதிவேடு எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. "அதே மோதலுக்கு அவனுக்கு அபராதம், இவனுக்கு இடைநீக்கமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, ஆட்டம் முடிய 8 விநாடி இருக்கையில், கிளீவ்லாந்தின் மைல்ஸ் காரெட் எதிரணிக் குவாட்டர்பேக் மேசன் ருடால்ஃபின் ஹெல்மெட்டைப் பிடுங்கி, அதைக்கொண்டே அவர் தலையில் அடித்தார். மிச்சமிருந்த 6 ஆட்டமும் இடைநீக்கம். இரண்டு அணிகளுக்கும் தலா 2,50,000 டாலர் அபராதம்.

மூன்றாம் கை: மேல்முறையீடு

லீக்குக்கும் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்துக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் உண்டு. சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் பேசி எழுதிய ஆவணம். இப்போது நடப்பில் இருப்பது 2020-ல் போட்டது. தண்டனை முறையும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால், கமிஷனர் நினைத்தாலும் "ஆயுள் தடை" என்று ஒரு நாள் காலையில் அறிவித்துவிட்டுப் போக முடியாது. ஆட்டக்காரர் எதிர்த்து வாதாடும் உரிமை எழுத்தில் இருக்கிறது.

களத்துத் தண்டனைக்கு எதிரான முறையீட்டை விசாரிப்பவர்கள் லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமிப்பவர்கள். சம்பளமும் இரு தரப்பும் சேர்ந்தே தருகின்றன. டெரிக் புரூக்ஸ், ஜேம்ஸ் த்ராஷ் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். முழு வேகத்தில் ஓடும்போது உடம்பை எந்த அளவுக்குத் திருப்ப முடியும், எந்த இடத்தில் நிறுத்தியிருக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டெட்ராய்ட் அணியின் நடாமுகன் சூ வழக்கு இந்தக் கையின் பலத்தைக் காட்டும். 2011-ல் எதிராளியை மிதித்து இரண்டு ஆட்டம் இடைநீக்கம் ஆனவர். 2014 டிசம்பரில் கிரீன் பே குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸின் காலை மிதித்ததாக ஒரு ஆட்டம் இடைநீக்கம் என்றார்கள். அடுத்த ஆட்டமோ வெளியேறும் சுற்று, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முறையீட்டை விசாரித்த டெட் காட்ரெல் இடைநீக்கத்தை நீக்கி, 70,000 டாலர் அபராதமாக மாற்றினார். சூ ஆடினார். லீக் தலைமை ஒரு முடிவெடுத்து, அதை இன்னொருவர் ஒரே நாளில் புரட்டிப்போட முடிந்தது.

டென்வர் அணியின் கரீம் ஜாக்சன் கதை இன்னும் சிக்கலானது. 2023 பருவத்தில் அடுத்தடுத்து அபராதம் கட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அக்டோபரில் 4 ஆட்டம் இடைநீக்கம். முறையீட்டில் அது 2 ஆனது. திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே மினசோட்டா குவாட்டர்பேக் ஜோஷுவா டாப்ஸைத் தலைகுனிந்து மோதினார். மறுபடி 4 ஆட்டம். பாதியாகக் குறைத்ததுதான் தப்பு என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்டித்தவரிடமே முறையிட வேண்டிய தண்டனை எவ்வளவு தூரம் கோணலாகும் என்பதை நியூ ஆர்லியன்ஸ் விவகாரத்தில் பார்த்திருக்கிறோம். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

வேண்டுமென்றே செய்தாரா?

வாதங்களில் அதிகம் அடிபடும் கேள்வி இது. தண்டனைக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் இதுதான். கொடிக்கும் பெரும்பாலான அபராதங்களுக்கும் எண்ணம் பார்ப்பதில்லை. தலையில் பட்டதா, தலையைக் குனிந்தாரா என்பதோடு சரி. "அவர் கடைசி நொடியில் உடம்பைத் தாழ்த்திவிட்டார், நான் நெஞ்சைக் குறிவைத்தேன்" என்று ஆட்டக்காரர்கள் சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கும். அப்படியும் அபராதம் உண்டு. அடிப்பவர்தான் தன் உடம்பைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவர், ஏனென்றால் வாங்குபவரால் முடியாது என்பதே விதியின் அடிப்படை.

இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் எண்ணத்தை நிரூபித்தால்தான் தண்டனை என்று வைத்தால், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

இடைநீக்கத்தின் நீளத்தை முடிவு செய்யும்போது மட்டும் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்வி கனமாக உள்ளே வருகிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் குவாட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் சறுக்கி உட்கார்ந்தார். சறுக்கினால் "நான் முடித்துக்கொண்டேன், அடிக்காதே" என்று பொருள். ஹூஸ்டனின் அசீஸ் அல்-ஷாயிர் அப்போதும் முன்கையால் தலைப் பக்கம் மோதினார். லாரன்ஸுக்கு மூளை அதிர்ச்சி. அல்-ஷாயிருக்கு 3 ஆட்டம் இடைநீக்கம். அவரிடமும் பழைய அத்துமீறல்கள் இருந்தன. முறையீடு பலிக்கவில்லை.

அணியே கூட்டாகச் செய்தால்

நியூ ஆர்லியன்ஸ் விவகாரத்துக்கு வருவோம். 2012 மார்ச்சில் லீக் ஒரு விசாரணை முடிவை வெளியிட்டது. 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்கள் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பணம் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள். எதிராளியைத் தூக்கிக்கொண்டு போகும் நிலைக்கு ஆளாக்கினால் 1,000 டாலர். மேற்கொண்டு ஆட முடியாமல் செய்தால் 1,500 டாலர். 22 முதல் 27 பேர் வரை இதில் சம்பந்தப்பட்டார்கள் என்றது லீக். தடுப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் இதை நடத்தினார். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் தெரிந்தும் நிறுத்தவில்லை.

இது களத்து அத்துமீறல் என்ற கணக்கில் வராது. லீக்கின் நற்பெயருக்கே கேடு என்ற தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் கமிஷனருக்கு அதிகாரம் மிகப் பெரிது. தண்டிப்பவரும் அவர், மேல்முறையீட்டை விசாரிப்பவரும் அவர் அல்லது அவர் நியமிப்பவர். பேட்டனுக்கு ஒரு பருவம் முழுக்க இடைநீக்கம், வில்லியம்ஸுக்குக் காலவரம்பின்றி. அணிக்கு 5,00,000 டாலர் அபராதம், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆட்டக்காரர் தேர்வில் இரண்டாம் சுற்று வாய்ப்பு இழப்பு. ஜொனதன் வில்மா உட்பட நான்கு ஆட்டக்காரர்களுக்கு 3 ஆட்டம் முதல் முழுப் பருவம் வரை இடைநீக்கம்.

ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். செப்டம்பரில் ஒரு முறையீட்டுக் குழு தண்டனைகளை நிறுத்திவைத்து, அதிகார எல்லையைத் தெளிவுபடுத்தச் சொன்னது. குடெல் மறுபடி தண்டனை விதித்தார். கடைசியில் முறையீட்டை விசாரிக்கத் தனக்கு முன் கமிஷனராக இருந்த பால் டாக்ளியாபுவையே நியமித்தார். டிசம்பர் 11 அன்று டாக்ளியாபு நான்கு ஆட்டக்காரர்களின் தண்டனையையும் ரத்து செய்தார். மூன்று பேர் தவறு செய்தது உண்மையே என்று ஏற்றுக்கொண்டும், பொறுப்பின் பெரும்பகுதி பயிற்சியாளர்களையும் அணி நிர்வாகத்தையும் சேர்ந்தது என்றார். பயிற்சியாளர் சொல்வதை மறுத்தால் வேலை போகும் இடத்தில் இருப்பவனை மட்டும் தண்டிப்பது சரியாகாது என்பதை லீக்கின் பழைய தலைவரே எழுதிக் கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டக்காரர்கள் வெளியே செய்யும் குற்றங்கள், வீட்டு வன்முறை, போதை மருந்து ஆகியவற்றுக்கு முற்றிலும் வேறு விதிகள், வேறு விசாரணை. அவற்றின் தண்டனையையும் களத்துத் தண்டனையையும் ஒப்பிட்டு "இதற்கு 2 ஆட்டம், அதற்கு 6 ஆட்டமா?" என்று கேட்பது பயனற்றது.

விதி நகர்ந்துகொண்டே இருக்கிறது

பழைய தடுப்பாட்டக்காரர் டீக்கன் ஜோன்ஸ் புகழ்பெற்றதே எதிராளியின் தலையில் பக்கவாட்டில் அறைந்து நிலைகுலைய வைக்கும் உத்தியால். 1977-ல் அது தடை செய்யப்பட்டது. பின்கழுத்துச் சட்டைக்குள் கைவிட்டுப் பின்னோக்கி இழுத்து வீழ்த்துவது 2005 முதல் குற்றம். பின்னாலிருந்து பிடித்து, தன் இடுப்பு எடையை எதிராளியின் கால் மேல் போட்டு இழுப்பது 2024 முதல் குற்றம். நேற்று கைதட்டு வாங்கியது இன்று அபராதம் வாங்குகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். ஸ்டிங்லிக்கு நடந்ததை நினைத்தால் அந்தச் சலிப்பை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

போலீஸ் ஏன் வருவதில்லை?

தெருவில் ஒருவர் இன்னொருவர் தலையை மிதித்தால் கைது. களத்தில் மிதித்தால் கடிதமா? நியாயமான கேள்வி.

1973 செப்டம்பரில் டென்வரில் நடந்த ஆட்டத்தில் இந்தக் கேள்வி உருவெடுத்தது. டென்வரின் டேல் ஹேக்பர்ட் ஒரு முழங்காலில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்சினாட்டி அணியின் சார்லஸ் கிளார்க், பந்து பறிபோன ஆத்திரத்தில், பின்னாலிருந்து முன்கையால் அவர் தலையின் பின்புறம் அடித்தார். நடுவர் பார்க்கவில்லை. ஹேக்பர்ட்டும் புகார் சொல்லவில்லை, தொடர்ந்து ஆடினார். அணி அவரை விடுவித்த பிறகு மருத்துவரிடம் போனபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. வழக்குப் போட்டார். ஆட்டமே வன்முறையானது, நீதிமன்றம் தலையிட இடமில்லை என்று 1977-ல் முதல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பின்னாலிருந்து தலையில் அடிப்பதை ஆட்டத்தின் விதியே தடுக்கும்போது, ஆட வந்தவர் அந்த அடிக்கும் சம்மதித்தே வந்தார் என்று சொல்ல முடியாது என்றது.

ஆக, சட்டத்தின் கதவு மூடியில்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்டும் ஆட்டக்காரர்கள் மிகச் சிலர். குரோட் விரும்பினால் ஹேன்ஸ்வர்த் மீது வழக்குத் தொடர நாஷ்வில் காவல்துறை தயாராக இருந்தது. முகத்தில் 30 தையலோடு இருந்த குரோட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லீக் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதுதான். அப்படி விடுபவர்கள் இருக்கும் வரை, லீக்கின் கடிதத்தில் எழுதப்படும் எண்ணை ஒவ்வொரு வாரமும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.